மிக்-21 'பறக்கும் சவப்பெட்டி'தானா? கையளவு கேமரா ட்ரோனோடு ஒப்பிட்ட ஒரு கேள்வி

வாசகர் கேள்வி, 27 செப்டம்பர் 2025

நேற்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எல்லோரும் கண் கலங்குகிறார்கள். எனக்கு ஒன்று புரியவில்லை. நானூறுக்கும் மேல் விழுந்து நொறுங்கிய விமானம் அது. என்னிடம் இருக்கும் கேமரா ட்ரோன் 249 கிராம் எடைதான். சிக்னல் அறுந்தால் தானாகவே திரும்பி வந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கிவிடுகிறது. உள்ளங்கை அளவுள்ள பொருளுக்கு இருக்கும் பாதுகாப்பு ஒரு போர் விமானத்துக்கு ஏன் இல்லை? 'பறக்கும் சவப்பெட்டி' என்று சொன்னதில் என்ன தவறு? 62 ஆண்டுகள் அதை வைத்திருந்ததுதான் தவறு.

27 செப்டம்பர் 2025, இரவு

தவறு இருக்கிறது தம்பி. நிறையவே இருக்கிறது.

நான் விமானப் படையில் 20 ஆண்டுகள் வேலை பார்த்தவன். தாம்பரத்தில் இயந்திரப் பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு, மிக்-21 படைப்பிரிவு ஒன்றில் எஞ்சின் ஃபிட்டராகச் சேர்ந்தேன். விமானி அல்ல. விமானம் கிளம்பும்வரை அதன் வயிற்றடியில் படுத்துக் கிடப்பதும், கிளம்பிய பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும்தான் என் வேலை. நீங்கள் எழுதிய அந்த இரண்டு சொற்களை யாராவது என் முன்னால் சொன்னால், அதற்குமேல் அவரோடு பேச எனக்கு மனம் வராது. ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் பதில் சொல்கிறேன்.

1963இல் இதே சண்டிகரில்தான் 28ஆம் படைப்பிரிவு மிக்-21 விமானங்களோடு தொடங்கியது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் போர் விமானம் நம்மிடம் வந்தது அதுதான் முதல் முறை. அதனால் அந்தப் பிரிவுக்கு 'ஃபர்ஸ்ட் சூப்பர்சானிக்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள். அதன் தலைவராக இருந்த தில்பாக் சிங் பின்னாளில் விமானப் படைக்கே தளபதியானார். அன்று தொடங்கி 870க்கும் மேற்பட்ட மிக்-21கள் நம் படையில் பறந்திருக்கின்றன. பெரும்பகுதி நாசிக் தொழிற்சாலையில் உருவானவை. எஞ்சின்கள் ஒடிசாவின் கோராபுட்டில் இருந்து வந்தன.

1971 போரில், டிசம்பர் 14 அன்று, அப்போது கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகராக இருந்த டாக்காவில் ஆளுநர் மாளிகையின் மேல் 57 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளை ஏவியவை மிக்-21கள். ஆளுநர் மாலிக் அன்றே பதவி விலகினார். அதற்கு முன்பே டாக்காவின் தேஜ்காவ் விமானத் தள ஓடுதளத்தில் குண்டு போட்டுப் பள்ளம் பறித்து, அங்கிருந்து எந்த விமானமும் எழும்பாதபடி செய்ததும் இவைதான். மேற்கே கட்ச் வளைகுடாவின் மேல், அதே நாளில் ஸ்டார்ஃபைட்டர் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதும் மிக்-21தான். அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த எஃப்-104 அது. அந்தக் காலத்தில் அதன் பெயரைக் கேட்டாலே பயம்.

இப்படி ஒரு வரலாறு உள்ள விமானத்தைச் சவப்பெட்டி என்று ஒரே சொல்லில் மூடிவிட முடியாது. மீதியை நாளை எழுதுகிறேன்.

28 செப்டம்பர் 2025, காலை

முதலில் ஒரு திருத்தம். ஸ்டார்ஃபைட்டர் வீழ்ந்தது டிசம்பர் 12. டாக்கா தாக்குதல் நடந்த 14ஆம் தேதி அல்ல. இரவில் அவசரமாக எழுதியதால் வந்த பிழை.

அந்தச் சண்டையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது இருந்த மிக்-21 எஃப்.எல். என்ற வகையில் உடலோடு சேர்ந்த பீரங்கி கிடையாது. ஏவுகணை போதும், பீரங்கிக்கு இனி வேலையில்லை என்று உலகமே நம்பிய காலத்தில் வடிவமைத்தது. 1965 போரில் நம்மிடம் இருந்த சில மிக்-21களில் இரண்டு ஏவுகணைகளைத் தவிர வேறு ஆயுதமே இல்லை. பிறகுதான் வயிற்றடியில் மாட்டும் பீரங்கிப் பெட்டியைச் சேர்த்தார்கள். 23 மில்லிமீட்டர், இரட்டைக் குழல். ஒரு விமானம் வாங்கிய நாளில் இருந்தது போலவே கடைசிவரை இருப்பதில்லை. குறை தெரிகிறது, சரிசெய்கிறோம், அடுத்த குறை தெரிகிறது. 62 ஆண்டுகள் நடந்தது இதுதான்.

28 செப்டம்பர் 2025, இரவு

நானூறு என்ற எண்ணுக்கு வருகிறேன். காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

2012இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குக் கொடுத்தார். 1971-72இல் இருந்து 2012 ஏப்ரல் வரை 482 விபத்துகள். 171 விமானிகள் இறந்தார்கள். பொதுமக்கள் 39 பேர். ஆனால் இது மிக் குடும்பத்தின் எல்லா வகைகளுக்குமான கணக்கு. மிக்-23, மிக்-27, மிக்-29 எல்லாமே அதற்குள் அடக்கம். இதை அப்படியே மிக்-21 தலையில் எழுதுகிறார்கள். அதே சமயம், அந்த எண்ணில் பெரும்பங்கு மிக்-21உடையதுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. 41 ஆண்டுகளுக்கு 482 என்றால் ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்று. எந்தக் கணக்கில் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும் எண் அது.

ஆனால் 62 ஆண்டுகள், 870 விமானங்கள், தினமும் பயிற்சி, இடையில் மூன்று போர்கள். ஒரு மாநிலத்தில் அதிகமாக ஓடும் பஸ்தான் அதிகமாக மோதியிருக்கும். எத்தனை மணி நேரம் பறந்தது, யார் ஓட்டினார், எந்த உயரத்தில், எதற்காக என்று கேட்காமல் விழுந்ததை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது.

1 அக்டோபர் 2025

இப்போது உங்கள் ட்ரோன். தானாகத் திரும்பி வந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டுக் கதை ஒன்றைக் கேளுங்கள்.

என் அக்காள் மகன் திருமணங்களுக்கு வீடியோ எடுப்பவன். அவனிடமும் நீங்கள் சொன்ன எடைப் பிரிவைச் சேர்ந்த ட்ரோன் ஒன்று இருந்தது. ஒரு தோப்பு வீட்டில் பெண்ணழைப்பு. தோப்புக்கு வெளியே, வயல் பக்கத்தில் இருந்து பறக்கவிட்டு, மரங்களுக்கு அப்பால் வரும் ஊர்வலத்தை எடுத்துக்கொண்டிருந்தான். படம் விட்டுவிட்டு வந்தது. சிக்னல் அறுந்தது. ட்ரோன் தனக்குச் சொல்லப்பட்டதை ஒழுங்காகச் செய்தது. திரும்பும் உயரம் என்று அமைப்பில் இருந்தது 20 மீட்டர். அந்த உயரத்தில் நேர்கோட்டில், கிளம்பிய இடத்தை நோக்கித் திரும்பியது. நடுவில் நெட்டைத் தென்னைகள். அந்த வகை ட்ரோனுக்குக் கீழே பார்க்கும் சென்சார் மட்டும்தான் உண்டு, முன்னால் பார்க்கும் கண் கிடையாது. மட்டையில் அடித்து, குரும்பைகளோடு சேர்ந்து விழுந்தது.

பொருளில் பழுது ஒன்றும் இல்லை. புறப்படுவதற்கு முன் சுற்றியிருக்கும் மரங்களில் உயரமானது எது என்று பார்த்து, அதைவிடப் பத்து மீட்டர் கூட்டி எண்ணை மாற்றியிருக்க வேண்டும். பத்து விநாடி வேலை. அவனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டியைத் திறந்தான், சார்ஜ் ஏற்றினான், பறக்கவிட்டான்.

அதனால்தான் உங்கள் கேள்வி என்னை விடவில்லை. ட்ரோன் விழுந்த அன்று எல்லோரும் ட்ரோனைத் திட்டினார்கள். எனக்கு அது ஏற்கெனவே பலமுறை காதில் விழுந்த பேச்சு.

4 அக்டோபர் 2025

இறங்குவதைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

மிக்-21 வேகமாக ஏறிப்போய், மேலே வரும் குண்டுவீச்சு விமானத்தை இடைமறிப்பதற்கென்று சோவியத் பொறியாளர்கள் வரைந்த விமானம். சின்ன முக்கோண இறக்கை. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் அது கத்தி. மெதுவாகப் பறக்கச் சொன்னால் அதற்குப் பிடிக்காது. இறங்கும்போது மூக்கைத் தூக்கினால் காற்றின் இழுவை சட்டென்று கூடிவிடும். அந்த நேரத்தில் பயந்துபோய் எஞ்சின் விசையைக் குறைத்தால், கல் மாதிரி கீழே போகும். ஆகவே தரையைத் தொடும் கட்டம்வரை விசையைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சக்கரம் தொடும். தொட்டதும் வாலில் இருந்து பிரேக் பாராசூட் விரியும். முன்பக்கத்தில் காற்றை உறிஞ்சும் வாயின் நடுவே பெரிய கூம்பு இருப்பதால் விமானிக்கு நேர் முன்னே ஓடுதளம் சரியாகத் தெரியாது.

நாங்கள் தரையில் நின்று காதால் கேட்போம். எஞ்சின் சத்தம் ஒரே சீராக வந்தால் நல்ல இறக்கம். சத்தம் திடீரென்று தணிந்தால் எல்லோர் தலையும் ஒரே நேரத்தில் ஓடுதளத்தின் பக்கம் திரும்பும். கையில் ஸ்பேனரோடு அப்படித் திரும்பி நின்ற முகங்கள் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன.

ட்ரோனும் இறங்கும்போதுதான் ஏமாற்றுகிறது. நேர் கீழாக வேகமாக இறக்கிப் பாருங்கள். உடல் ஆடத் தொடங்கும், விசையைக் கூட்டினாலும் பிடிக்காமல் அமிழும். சாய்வாக, முன்னால் நகர்த்திக்கொண்டே இறக்கினால் இந்தத் தொல்லை வராது. அக்காள் மகனான என் மருமகனுக்கு இதை நான்தான் காட்டினேன். மிக்-21இடம் கற்ற பாடம் என்று பெருமையாகவே சொன்னேன்.

5 அக்டோபர் 2025

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். இரண்டையும் ஒரே காரணம் போல எழுதிவிட்டேன், அது சரியல்ல. மிக்-21இல் நடப்பது முக்கோண இறக்கையின் இழுவை. ட்ரோனில் நடப்பது வேறு: அது தன் இறக்கைகள் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே தான் இறங்குகிறது, காற்று வளையமாகச் சுற்றித் தூக்குவிசையைத் தின்றுவிடுகிறது. ஹெலிகாப்டர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மருமகனிடமும் இன்று திருத்திச் சொல்லிவிட்டேன்.

இரண்டுக்கும் பொது ஒன்றுதான். பயத்தில் கை தானாகச் செய்வது எதுவோ அதுதான் தவறான செயல். அதை மாற்றுவதற்குத்தான் பயிற்சி.

11 அக்டோபர் 2025

ஒரு வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

எண்பதுகளில் பயிற்சி முடித்து வரும் இளம் விமானி, கிரண் என்ற பயிற்சி ஜெட்டை ஓட்டிவிட்டு வருவார். பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். அடக்கமான, பிழையை மன்னிக்கும் விமானம். அதிலிருந்து இறங்கியவரை, கொஞ்ச காலத்திலேயே மிக்-21இல் ஏற்றுவோம். இடையில் ஒரு படி இருந்திருக்க வேண்டும். உயர்நிலைப் பயிற்சி ஜெட் வாங்க வேண்டும் என்று, விமான விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டெய்ன் குழு 1982இலேயே சொன்னது. அப்படிப்பட்ட பயிற்சி ஜெட்டான ஹாக் விமானத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல். கர்நாடகத்தின் பீதரில் அது படையில் சேர்ந்தது 2008இல். 26 ஆண்டுகள். அந்த 26 ஆண்டுகளும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன்கள் மாடியில் இருந்து படியே இல்லாமல் குதித்துக்கொண்டிருந்தார்கள். அசாமில் தேஜ்பூரில் மிக்-21ஐ வைத்தே அந்தப் படியைக் கட்டப் பார்த்தார்கள். கூர்மையான கத்தியைக் கொடுத்துக் காய் நறுக்கப் பழகச் சொல்வது போலத்தான்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. எஃப்-700 என்போம். எஞ்சின், உடல், மின்சாரம், ஆயுதம் என்று ஒவ்வொரு பிரிவுக்காரரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானி கடைசியாகக் கையெழுத்துப் போட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். ஒரு நாள் மாலை, அந்த மாதம் புதிதாக வந்திருந்த ஒரு விமானி என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே பேனாவைத் தன் உடுப்புப் பையில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். காக்பிட்டுக்குள் சின்னப் பொருள் எதுவும் தவறி விழக் கூடாது. கட்டுப்பாட்டுக் கோலின் அடியில் சிக்கினால் உயிர் போகும். "சார், பேனா!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டு படி இறங்கி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வரவில்லை. விசாரணையில் எஞ்சினில் குறை இல்லை என்று வந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்து அதன் பிறகு பல ஆண்டுகள் வெட்கப்பட்டேன். பேனாவை நான் வைத்திருக்கிறேன். இடத்தையும் ஆண்டையும் கேட்காதீர்கள்.

இப்போது சொல்லுங்கள் தம்பி. அந்தப் பையனைக் கொன்றது விமானமா, அந்த 26 ஆண்டுகளா?

12 அக்டோபர் 2025

நேற்று கடைசியில் கேட்டது உங்களைப் பார்த்துக் கேட்டதல்ல. நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தக் கேள்விக்கு முழுப் பதிலும் 26 ஆண்டுகள் அல்ல. இரண்டாவது எஞ்சின் கிடையாது; பறவை அடித்து ஒன்று நின்றால் அவ்வளவுதான். வயதான உடல். சோவியத் யூனியன் உடைந்த பிறகு உதிரிபாகம் எங்கிருந்து எந்தத் தரத்தில் வருகிறது என்ற கவலை வேறு. 2023 மே மாதம் ராஜஸ்தான் ஹனுமன்கட் பகுதியில் ஒரு மிக்-21 ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானி வெளியே குதித்துப் பிழைத்தார். வீட்டில் இருந்த மூன்று பெண்கள் இறந்தார்கள். பயிற்சி இடைவெளியை மட்டும் காரணமாகச் சொல்லி அந்த மூன்று பேருக்குப் பதில் சொல்ல முடியாது. அப்போது ஹாக் வந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆகவே நேற்று நான் எழுதியதில் பாதிதான் நிற்கும். அந்தப் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

19 அக்டோபர் 2025

தீபாவளி வாணவேடிக்கையை ட்ரோனில் எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எடுக்காதீர்கள். புகைக்குள் ட்ரோன் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ட்ரோன் உங்கள் கையில் இல்லை. கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

இனி 62 ஆண்டுகள் என்ற கேள்வி. நீங்கள் கேட்டதில் எனக்கு முழு உடன்பாடு உள்ள பகுதி அதுதான். மிக்-21க்கு மாற்றாக உள்நாட்டிலேயே உருவாக்கும் தேஜஸ் போர் விமானத் திட்டத்துக்கு 1983இல் ஒப்புதல் கிடைத்தது. முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. முதல் படைப்பிரிவு உருவானது 2016 ஜூலையில். மாற்று வராதவரை இருப்பதை வைத்துத்தான் காவல் காக்க முடியும். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒப்பந்தம் போட்டு, மிக்-21 பிஸ் என்ற பிந்தைய வகை விமானங்களில் ஒரு பகுதியை மேம்படுத்தி, 'பைசன்' என்ற வகையாக மாற்றினார்கள். புதிய ரேடார், புதிய ஏவுகணைகள், தலைக்கவசத்தில் பார்வைக்குறி. மூக்கும் மூளையும் புதிது, எலும்பு பழையது. 2025இல் கடைசி மிக்-21உம் போனபோது மிஞ்சிய போர் விமானப் படைப்பிரிவுகள் 29. இருக்க வேண்டியவை 42.

அது ஏன் இத்தனை காலம் உயிரோடு இருந்தது என்பதற்கு எங்கள் பக்கத்து விடை ஒன்று உண்டு. நாசிக்கில் உடலையும் கோராபுட்டில் எஞ்சினையும் பிரித்து மேய்ந்து பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் நாட்டுக்குள்ளேயே இருந்தன. பொருளின் ஆயுள் உதிரிபாகத்தின் ஆயுள்தான். மருமகனின் ட்ரோன் சந்தைக்கு வந்து ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை; அதற்குப் புதிய பேட்டரி தேடி அலைகிறான். தென்னை மட்டையில் அடிபட்டதை இறக்கை மாற்றி, கேமரா தாங்கியின் ரிப்பன் கேபிளை மாற்றி எழுப்பிவிட்டோம். பேட்டரிக்கு வழியில்லை. முழு ட்ரோன்களை வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவதற்கு 2022 பிப்ரவரியில் அரசு தடை போட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. பாகங்களுக்குத் தடையில்லை. ஆனால் பழைய மாடலுக்குப் பாகம் செய்ய யாருக்கும் அக்கறையில்லை.

2 நவம்பர் 2025

சட்டம் பற்றிய கேள்விகள் நான்கைந்து சேர்ந்துவிட்டன. சுருக்கமாக.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு விமானிச் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளி வரைபடம் இருக்கிறது; பறக்கவிடும் முன் அன்றைய வரைபடத்தைப் பாருங்கள், போன மாதம் பார்த்தது உதவாது. தாம்பரத்தைச் சுற்றி இருப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். அங்கே விமானப் படைத் தளம், பக்கத்திலேயே மீனம்பாக்கம். 2021 ஜூனில் ஜம்மு விமானப் படைத் தளத்தின் மேல் ட்ரோன்களைக் கொண்டுவந்து வெடிபொருள் போட்டார்கள். அதற்குப் பிறகு தளத்தின் காவலில் நிற்பவனுக்கு உங்கள் கல்யாண ட்ரோனுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மருமகன் ஒரு தவறு செய்திருந்தான். 249 கிராம் ட்ரோனுக்கு இறக்கைக் காப்பு வளையம் மாட்டியிருந்தான், குழந்தைகள் பக்கத்தில் வருவார்கள் என்று. நல்ல எண்ணம்தான். சமையலறைத் தராசில் வைத்துக் காட்டினேன். 250ஐத் தாண்டிவிட்டது. எடை என்பது மேலே எழும்பும்போது அதோடு சேர்ந்து எழும்பும் எல்லாமும்தான்.

பழைய மிக்-21ஐப் பக்கத்தில் நின்று பார்க்க விரும்பினால் டெல்லி பாலத்தில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்துக்கோ பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கோ போங்கள். பின்னால் போய், எஞ்சினின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். என் அரை வாழ்க்கை அதற்குள் இருந்தது.

9 நவம்பர் 2025

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் சூலூர் தேஜஸ் விமானங்களைப் பற்றிக் கேட்டார். அவருக்கு ஒரு செய்தி. சூலூரில் இருக்கும் 45ஆம் படைப்பிரிவுதான் 1999 ஆகஸ்ட் 10 அன்று, குஜராத்தின் நலியாவில் இருந்து கிளம்பிய மிக்-21 மூலம் பாகிஸ்தான் கடற்படையின் அட்லான்டிக் ரோந்து விமானத்தை வீழ்த்தியது. அன்று மிக்-21, இன்று தேஜஸ். பிரிவின் பெயர் அதேதான், 'ஃப்ளையிங் டாகர்ஸ்'. உங்கள் ஊர் வானத்தில் சத்தம் கேட்கும்போது அந்தத் தொடர்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1999 மே 27 அன்று கார்கிலில், விழுந்த சக விமானியைத் தேடிக்கொண்டு அந்த இடத்தையே சுற்றிய அஜய் அஹுஜாவின் விமானமும் மிக்-21. அவர் திரும்பவில்லை.

2019 பிப்ரவரி 27 பற்றிக் கேட்டவர்களுக்கு: அபிநந்தன் ஓட்டியது 51ஆம் படைப்பிரிவின் பைசன். அவர் எஃப்-16 ஒன்றை வீழ்த்தினார் என்று இந்தியா சொல்கிறது, பாகிஸ்தான் மறுக்கிறது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. அன்று இரவு எங்கள் தெருவில் ஒருவரும் தூங்கவில்லை. மார்ச் 1 அன்று அவர் எல்லைக் கதவைத் தாண்டி நடந்து வந்ததை நின்றபடியே பார்த்தேன். உட்காரத் தோன்றவில்லை.

10 நவம்பர் 2025

முதல் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார், தன் ட்ரோன் மொட்டைமாடியில் இருந்து கிளம்பியதும் வட்டமடித்துக்கொண்டே விலகிப் போகிறது, பயமாக இருக்கிறது என்று. திசைகாட்டியை எங்கே சரிப்படுத்தினீர்கள்? மாடியிலேயே என்றால் காரணம் அதுதான். தளத்துக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. காந்தம் குழம்பும். வெட்டவெளி மண் தரைக்குப் போய்ச் சரிப்படுத்துங்கள், காரில் இருந்தும் மின்கம்பத்தில் இருந்தும் விலகி நில்லுங்கள். கையில் சாவிக்கொத்து, கைக்கடிகாரம் வேண்டாம்.

இன்னொன்று. கிளம்பும் இடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். நாங்கள் தினமும் காலையில் வரிசையாக நின்று, தோளோடு தோள் இடைவெளி விட்டு, குனிந்த தலையோடு தளம் முழுவதும் நடப்போம். ஒரு கூழாங்கல், ஒரு ஸ்க்ரூ, ஒரு கம்பித் துண்டு. மிக்-21இன் மூக்கு ஒரு திறந்த வாய். எது கிடந்தாலும் விழுங்கும். அதிகாரி, சிப்பாய் என்று பார்க்காமல் எல்லோரும் நடப்போம். நீங்கள் ஓர் ஆள், உங்களுக்கு நான்கு சதுர மீட்டர்.

16 நவம்பர் 2025

தென்னை விபத்துக்குப் பிறகு மருமகனுக்கு ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். முதல் பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன்: தேதி, இடம், எந்த பேட்டரி, சுற்றிலும் உயரமான பொருள், திரும்பும் உயரம், இறக்கைகளில் கீறல் உண்டா, கையெழுத்து. பேட்டரிகளின் மேல் 1, 2, 3 என்று பெயின்ட் வைத்தோம். முதலில் முணுமுணுத்தான். பெயருக்கு எழுதினான், ஒரே நாளில் நான்கு நாள் கணக்கை எழுதிய பக்கமும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. எஃப்-700இல் அப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொன்னேன். பேனாவின் கதையையும் அன்றுதான் முதல் முறையாக அவனிடம் சொன்னேன்.

இன்று ஐப்பசியின் கடைசி முகூர்த்த நாள்களுக்குள் ஒன்று. அவனுக்குக் கல்யாண வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பும் முன் பேட்டரிகளை எடுத்து மேசையில் வைத்தான். இரண்டாவதைத் தட்டையாக வைத்து விரலால் ஒரு மூலையை அழுத்தினான். ஆடியது. அடிப்பக்கம் லேசாக உப்பியிருந்தது. முதல் பேட்டரி ஏற்கெனவே பாதி நேரம்தான் தாங்குகிறது. மூன்றாவதைப் போன மாதமே ஒதுக்கிவிட்டோம்.

மண்டபத்துக்கு வெளியே ஆட்கள் கூடியிருப்பார்கள், பெண் வீட்டார் வானில் இருந்து எடுத்த படம் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை. நோட்டை எடுத்தான். "பேட்டரி 2 உப்பல். பேட்டரி 1 போதாது. இன்று பறக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ட்ரோன் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினான்.

இரண்டாவது பேட்டரியை மணல் நிரப்பிய பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்திருக்கிறேன். குப்பையில் போடக் கூடாது. மின்கழிவு எடுப்பவரிடம் நாளை கொடுக்க வேண்டும்.